ஐஓஎஸ் 18: மாநாட்டு மேடையிலிருந்து என் கட்டிங் டேபிளுக்கு வந்தவை

2025 ஜூன் 9 அன்று ஆப்பிள் தன் டெவலப்பர் மாநாட்டை நடத்தி, ஐபோனை இயக்கும் மென்பொருளில் 18-க்கு அடுத்த பதிப்பான ஐஓஎஸ் 26-ஐக் காட்டிவிட்டது. எல்லாரும் அதன் கண்ணாடித் தோற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் அதற்கு முந்தைய மாநாட்டில் அறிவித்த ஐஓஎஸ் 18-ஐப் பற்றி எழுதுகிறேன். ஒரு வசதியை அறிவித்த அன்றைக்கே அதைப் பற்றி எழுதினால், அது விளம்பரத்துக்கு எழுதும் விமர்சனம் ஆகிவிடும். வேலை செய்கிற போனில் அது ஒரு தீபாவளியையும் ஒரு முகூர்த்த சீசனையும் தாண்டி வரட்டும். அதற்கு அப்புறம் மிச்சம் நிற்பது எதுவோ, அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் கோவையில் சிறிய தையல் யூனிட் நடத்துகிறேன். பெரும்பாலும் பிளவுஸ், கல்யாண ஆர்டர், ஆரி வேலை. என் கையில் இருப்பது ஐபோன் 13. கஸ்டமரின் அளவு, அவர்கள் அனுப்பும் டிசைன் படம், அட்வான்ஸ் கணக்கு, டெலிவரி தேதி எல்லாமே அதில்தான். கடையில் தனியாகக் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் ஒரு அப்டேட் வந்தால் எனக்கு அது பொழுதுபோக்குச் செய்தி கிடையாது. என் கல்லாப்பெட்டியையும் ஆர்டர் நோட்டையும் வேறொருவர் மாற்றி அடுக்குகிற காரியம். கவனமாகப் பார்ப்பேன்.

அந்த மாநாடு 2024 ஜூன் 10 அன்று, கலிஃபோர்னியாவில் குப்பர்ட்டினோ நகரத்தில் உள்ள ஆப்பிள் பார்க்கில் நடந்தது. நமக்கு இரவு பத்தரை மணி. நிர்வாகிகள் விமானத்திலிருந்து குதிக்கும் காட்சியுடன் ஆரம்பித்து, நூறு நிமிடத்துக்கு மேல் ஓடியது. ஐபோன் பகுதியை ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி நடத்தினார். ஐகான்களை விரும்பிய இடத்தில் வைக்கலாம், அவற்றின் நிறத்தை மாற்றலாம், கன்ட்ரோல் சென்டரை நம் விருப்பப்படி அடுக்கலாம் என்று வரிசையாகக் காட்டினார்கள். கடைசிப் பகுதி முழுவதையும் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவுக்கு ஒதுக்கினார்கள். செப்டம்பர் 16 அன்று ஐஓஎஸ் 18 எல்லாருக்கும் வந்தது. 2018-இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் போன்களிலிருந்தே அது ஓடும். இது பாராட்ட வேண்டிய விஷயம். ஆறு வருடப் பழைய போனுக்கும் புது மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது என்னைப் போல் சின்ன வியாபாரம் செய்பவர்களுக்கு நிஜமான சேமிப்பு.

இத்தனை நாள் பயன்படுத்தியதில் நான் கண்டது இதுதான்: மேடையில் எதற்கு அதிக நேரம் கொடுத்தார்களோ அது என் வேலைக்கு மிகக் குறைவாகவே உதவியது. போகிற போக்கில் காட்டியவைதான் தினமும் கைகொடுக்கின்றன.

முதலில் கால்குலேட்டர். மேடையில் இதற்கான உற்சாகம் எல்லாம் ஐபேட் பகுதியில்தான் இருந்தது, ஐபேடுக்கு அன்றுவரை ஆப்பிளின் கால்குலேட்டரே இல்லாததால். ஐபோன் கால்குலேட்டர் சத்தமில்லாமல் மாறியது. இப்போது போட்ட கணக்கு முழுவதும் மேலே வரியாகத் தெரிகிறது. தவறாக ஓர் எண்ணைத் தட்டினால் அந்த ஒன்றை மட்டும் அழிக்கலாம். பழைய கணக்குகள் ஹிஸ்டரியில் தேதியோடு இருக்கின்றன. கஸ்டமர் எதிரில் நின்று, "அக்கா, போன வாரம் எவ்வளவு சொன்னீங்க?" என்று கேட்டால் திறந்து காட்டிவிடலாம்.

அதைவிடப் பெரியது அலகு மாற்றம். எங்கள் தொழிலில் உடல் அளவு இன்ச்சில், துணி வாங்குவது மீட்டரில், துணியின் அகலம் மறுபடியும் இன்ச்சில். 44 இன்ச் அகலம் என்றால் 111.76 சென்டிமீட்டர். 14.5 இன்ச் உயரம் என்றால் 36.83. இந்த மாற்றத்தை இப்போது கால்குலேட்டரே செய்கிறது, தனியாக ஓர் ஆப் வேண்டாம். முன்பு நான் வைத்திருந்த இலவச ஆப் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு விளம்பரம் காட்டும். அதை எடுத்துவிட்டேன்.

மேத் நோட்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் கடைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. நோட்ஸ் ஆப்பில் ஒரு கணக்கை எழுதி சமக்குறி போட்டால் விடை தானாக வந்து நிற்கும். அதோடு, ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு கொடுத்து வைக்கலாம். லைனிங் 70 ரூபாய், தையல் 450 ரூபாய், எண்ணிக்கை 8 என்று மூன்று வரி எழுதிவிட்டு, முதல் இரண்டையும் கூட்டி எண்ணிக்கையால் பெருக்கச் சொன்னால் 4160 என்று காட்டும். கஸ்டமர் நல்ல லைனிங் கேட்கிறார், 80 ரூபாய் துணி போடலாம் என்றால், அந்த ஒரு வரியில் மட்டும் எண்ணை மாற்றினால் போதும், கீழே தொகை 4240 ஆகிவிடும். கல்யாண வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேரம் பேசும்போது இதன் அருமை தெரியும். எல்லாமே அவர்கள் கண் எதிரில் மாறுகிறது. எந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று அவர்களே பார்க்கிறார்கள். விலையில் சந்தேகம் வருவதில்லை. பெயர்களை நான் ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்கிறேன், தட்டுவதற்கு வேகமாக இருக்கிறது.

நோட்ஸில் இன்னொரு மாற்றம், தலைப்புகளை மடித்து வைக்கும் வசதி. ஒரு கல்யாண ஆர்டருக்கு ஒரு நோட். அதற்குள் மணப்பெண், அம்மா, அத்தை, சித்தி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தலைப்பு. அதன் கீழே அளவுகள். தேவையான தலைப்பை மட்டும் விரித்துக்கொண்டு கட்டிங் டேபிளில் வைத்தால், பக்கத்தில் இருப்பவரின் அளவைப் பார்த்து வெட்டிவிடும் ஆபத்து குறைகிறது. வண்ண ஹைலைட்டும் இருக்கிறது. கழுத்து டீப் வேண்டாம் என்று அழுத்திச் சொல்பவர்களின் குறிப்பை ஒரே நிறத்தில் வைத்துக்கொள்கிறேன்.

சரி, அழைப்புப் பதிவு. ஐபோனில் பல வருடமாகப் பலர் கேட்டுக்கொண்டிருந்த வசதி இது. மேடையில் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் பகுதியோடு சேர்த்துக் காட்டினாலும், பதிவு செய்வதற்கு விலை உயர்ந்த போன் தேவையில்லை. 2024 அக்டோபர் 28 அன்று வந்த 18.1 அப்டேட்டில் என்னுடைய 13-க்கும் வந்துவிட்டது. பேசும்போது திரையின் மேல் மூலையில் உள்ள பட்டனைத் தட்டினால், அழைப்பு பதிவாகிறது என்று இரண்டு பக்கமும் கேட்கும்படி ஒரு குரல் சொல்லும். முடிந்ததும் ஒலிப்பதிவு நோட்ஸ் ஆப்பில் அதற்கென்று உள்ள ஃபோல்டரில் சேர்ந்துவிடும்.

அந்த அறிவிப்புக் குரல் பலருக்குப் பிடிக்கவில்லை. சொல்லாமலே பதிவு செய்ய வழி இல்லையா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் குரல் இருப்பதுதான் சரி. ஒரு பெண் தன் உடல் அளவைச் சொல்கிறாள், நிச்சயதார்த்தம் தள்ளிப்போனதைச் சொல்கிறாள், வீட்டில் யாருக்கும் தெரியாமல் கொடுத்த அட்வான்ஸைப் பற்றிச் சொல்கிறாள். அவளுக்குத் தெரியாமல் அது என் போனில் தங்குவது முறை கிடையாது. ஆண்ட்ராய்டிலும் கூகுள் தன் ஃபோன் ஆப்பில் இப்படித்தான் அறிவிப்பு வைத்திருக்கிறது; வெளியார் பதிவு ஆப்கள் பயன்படுத்திவந்த வழியை 2022 மே மாதத்தில் பிளே ஸ்டோரில் தடுத்தும்விட்டது. நான் செய்வது எளிது. "அளவு மாத்தறதைப் பதிஞ்சு வெச்சுக்கறேங்க, அப்புறம் தப்பு வராது" என்று முதலில் நானே தமிழில் சொல்லிவிட்டுப் பட்டனைத் தட்டுகிறேன். இதுவரை மறுத்தவர்கள் குறைவு. மறுத்தால் காகிதத்தில் எழுதிக்கொள்கிறேன்.

இதன் பயன் சீசனில்தான் தெரியும். கையில் கத்தரியோடு இருக்கும்போது ஒருவர் கூப்பிட்டு, கை நீளத்தை அரை இன்ச் கூட்டுங்கள், முதுகில் நாட் வேண்டாம், பைப்பிங் மட்டும் போதும் என்று மூன்று மாற்றம் சொல்வார். பிறகு வெட்டும் முன் அந்தப் பதிவை ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டால் போதும். தைக்கும் பெண்களுக்கும் அதிலிருந்து குறிப்பு எழுதிக் கொடுத்துவிடுவேன்.

குறை எங்கே? பேச்சை எழுத்தாக மாற்றிக் கொடுப்பது இந்த வசதியின் பாதிப் பெருமை. ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், சீனம் என்று பட்டியல் போகிறது. தமிழ் அதில் இல்லை. நோட்ஸில் ஒலிப்பதிவை எழுத்தாக்கும் புது வசதியும் இதே கதைதான். ஆகவே எங்களுக்குக் கிடைத்தது பாதி வசதி. அந்தப் பாதியே இவ்வளவு உதவும் என்றால் முழுதும் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. வாட்ஸ்அப் அழைப்புகளை இது பதிவு செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண அழைப்பில் பேசினால்தான் நடக்கும்.

டயல் பேடில் பெயர் தேடும் வசதியைப் பற்றி மேடையில் தனியாக யாரும் பேசவில்லை. எண் பட்டன்களில் உள்ள எழுத்துகளை வைத்தே பெயரைத் தட்டலாம். செல்வி என்று ஆங்கிலத்தில் சேமித்த பெயருக்கு 7, 3, 5, 8, 4. பட்டன் போன்களில் இருந்ததுதான், ஆண்ட்ராய்டிலும் எப்போதோ வந்துவிட்டது. 2007-இல் முதல் ஐபோன் வந்ததிலிருந்து பதினேழு வருடம் கழித்து இதற்கு வந்திருக்கிறது. இவ்வளவு தாமதத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் வந்த நாளிலிருந்து ஒரு கை போதும் எனக்கு. பீளமேட்டுச் செல்வியா, சிங்காநல்லூர்ச் செல்வியா என்று கீழே இரண்டு வரி வந்து நிற்கும், தொட்டால் போகும்.

அடுத்தது எனக்கு மிக முக்கியமானது: ஆப்களைப் பூட்டுவதும், தொடர்புகளைக் காப்பதும்.

கடையில் என் போன் பல கைகளுக்குப் போகும். கஸ்டமர் டிசைன் பார்க்க வாங்குவார். அவர் குழந்தை கேட்டு அழும். மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் அளவு பார்க்க எடுப்பாள். ஐஓஎஸ் 18-இல் எந்த ஆப்பின் ஐகானையும் அழுத்திப் பிடித்து, முகம் காட்டினால்தான் திறக்க வேண்டும் என்று வைக்கலாம். கேமரா, கால்குலேட்டர், செட்டிங்ஸ் போன்ற சிலவற்றுக்கு மட்டும் இது கிடையாது. வாட்ஸ்அப்பைப் பூட்டினால் மெசேஜின் உள்ளடக்கம் நோட்டிஃபிகேஷனிலும் தெரியாது, தேடலிலும் வராது. ஃபிட்டிங் சரியாக இல்லை என்று பெண்கள் போட்டுப் பார்த்த படத்தை அனுப்புவார்கள். தைக்கிறவளை நம்பி அனுப்பும் படம் அது. டிசைன் பார்க்கப் போனை வாங்கிய இன்னொருவர் கண்ணில் அது பட்டால் என் கடைக்கு யாரும் வரக் கூடாது, வரவும் மாட்டார்கள். இதற்கு முன்பும் ஒரே ஆப்புக்குள் போனை நிறுத்தி வைக்கும் கைடட் ஆக்சஸ் இருந்தது. அதை ஒவ்வொரு முறையும் போட வேண்டும். இது ஒருமுறை வைத்தால் போதும்.

பூட்டுவது வேறு, மறைப்பது வேறு. மறைத்த ஆப் முகப்பிலிருந்தே போய்விடும். போனில் உள்ள ஆப்களைத் தொகுத்துக் காட்டும் ஆப் லைப்ரரியின் கடைசியில் பூட்டிய ஃபோல்டருக்குள் இருக்கும். அதன் நோட்டிஃபிகேஷனும் வராது. ஆகவே ஆர்டர் வரும் எந்த ஆப்பையும் மறைக்காதீர்கள், பூட்டினால் போதும்.

தொடர்புகள் விஷயம் இன்னும் நல்லது. முன்பு ஓர் ஆப் உங்கள் தொடர்புகளைக் கேட்டால் இரண்டே வழி: முழுப் பட்டியலையும் கொடு, இல்லையென்றால் ஒன்றும் கொடுக்காதே. இப்போது எந்தெந்தப் பெயர் என்று நாமே பொறுக்கிக் கொடுக்கலாம். என் போனில் இருக்கும் எண்களில் பெரும்பாலானவை பெண்களுடையவை. தையல்காரருக்கு என்று நம்பிக் கொடுத்த எண்கள். பில் போடும் ஆப்புக்கும் போஸ்டர் செய்யும் ஆப்புக்கும் அவை எதற்கு? அப்டேட் போட்ட உடனே செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் ஒவ்வோர் ஆப்பாகப் பார்த்து, தேவையான சில பெயர்களைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்தேன். போனில் கஸ்டமர் எண் வைத்திருக்கும் ஒவ்வொரு கடைக்காரரும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பியூட்டி பார்லர், டியூஷன் சென்டர், டைலர், எல்லாரும்.

பாஸ்வேர்ட்ஸ் என்று தனி ஆப் வந்தது. உள்ளே இருக்கும் ஐகிளவுட் கீசெயின் என்ற பாஸ்வேர்டு சேமிப்பு 2013 முதலே இருப்பதுதான். செட்டிங்ஸுக்குள் புதைந்து கிடந்ததை வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். கடை வைஃபைக்கு கியூஆர் கோடு காட்டினால் ஆயிற்று, பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டாம். நல்ல வேலை.

தோற்றம் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. ஐகான்களைத் திரையின் கீழ்ப்பகுதிக்கு இறக்கிக்கொண்டேன், கட்டைவிரல் எட்டுகிறது. எல்லா ஐகானையும் ஒரே நிறமாக்கும் வசதியில் எது எந்த ஆப் என்று தேட வேண்டியிருக்கிறது. நிறத்தை வைத்தே நூல்கண்டு எடுத்துப் பழகிய கண்ணுக்கு அது ஒத்துவரவில்லை. லாக் ஸ்கிரீனில் கீழே உள்ள டார்ச், கேமரா பட்டன்களை மாற்றலாம் என்பதை மட்டும் விடாதீர்கள். டார்ச்சை எடுத்துவிட்டு அங்கே கால்குலேட்டர் வைத்திருக்கிறேன்.

மெசேஜஸ் ஆப்பில் எழுத்து குதிப்பது, அதிர்வது, பிறகு அனுப்பும்படி நேரம் குறிப்பது எல்லாம் மேடையில் நன்றாகவே இருந்தன. நேரம் குறிப்பது ஆப்பிள் கருவிகளுக்குள் மட்டும் போகும் ஐமெசேஜுக்கு மட்டும்தான். என் கஸ்டமர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். டெலிவரி தேதிக்கு முந்தைய நாள் நினைவூட்டல் அனுப்ப இது எவ்வளவு உதவியிருக்கும்! அமெரிக்காவில் பயன்படலாம், இங்கே வழியில்லை.

ஃபோட்டோஸ் ஆப்பை மாற்றியதில் எனக்கு உடன்பாடு இல்லை. கீழே இருந்த டேப்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே நீளப் பக்கமாக ஆக்கினார்கள். மேலே படங்கள், கீழே இறங்கினால் ஆல்பங்கள், நாட்கள், பயணங்கள். குடும்பப் படம் பார்ப்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆயிரக்கணக்கான டிசைன் படத்தில் ஒன்றைக் கஸ்டமர் முன்னால் தேடும் வேலைக்கு, எந்தப் பொருள் எங்கே என்று கைக்குப் பழகிய இடம் நிலையாக இருக்க வேண்டும். இப்படி நினைத்தவர் பலர். ஐஓஎஸ் 26-இல் டேப்களைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு வருடத்தில் மாற்றிக்கொண்டதற்கு மரியாதை தரலாம். அதுவரை 18-இல் இருப்பவர்கள், பக்கத்தின் கடைசிக்குப் போனால் பகுதிகளை வரிசை மாற்றவும் மறைக்கவும் வழி இருக்கிறது. வேண்டியதைக் குத்தி வைக்கும் (pin) பகுதியில் ஆரி டிசைன், கழுத்து டிசைன், கை டிசைன் ஆல்பங்களை மட்டும் வைத்து, மற்றதை மறைத்துவிட்டால் பெருமளவு தொல்லை தீரும்.

இனி ஆப்பிள் இன்டெலிஜென்ஸ். இங்கேதான் எனக்கு உண்மையான மனக்குறை.

மேடையில் காட்டியது இது: அம்மாவின் விமானம் எப்போது தரையிறங்கும் என்று ஐபோனின் குரல் உதவியாளரான சிரியிடம் கேட்கிறார் ஒரு பெண்மணி. சிரி மெயிலில் உள்ள தகவலையும் அப்போதைய விமான நிலவரத்தையும் சேர்த்துப் பதில் சொல்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு என்ன திட்டம் என்றால், மெசேஜில் பேசியதை எடுத்துச் சொல்கிறது. பார்த்த உடனே என் மனம் கடைக்குப் போயிற்று. இந்த வாரம் யார் யாருக்கு டெலிவரி, யார் இன்னும் லைனிங் கலர் சொல்லவில்லை என்று கேட்டால் போன் சொல்லும் என்றால் எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் அதற்குத் தகுதியான போன் அன்றைக்கு 15 புரோ, 15 புரோ மேக்ஸ் இரண்டு மட்டுமே. ஒரு வருடம்கூட ஆகாத சாதாரண ஐபோன் 15 வாங்கியவருக்கும் கிடையாது. 15 புரோ இந்தியாவில் 1,34,900 ரூபாய்க்கு அறிமுகமானது. செப்டம்பரில் 79,900 ரூபாய் ஆரம்ப விலையில் ஐபோன் 16 வந்தபோது, இந்தச் சிரியை முன்வைத்தே விளம்பரம் செய்தார்கள்.

அந்தச் சிரி சொன்ன நேரத்தில் வரவில்லை. 2025 மார்ச்சில், நினைத்ததைவிட அதிக காலம் ஆகும் என்று ஆப்பிள் அறிவித்தது. நடிகை பெல்லா ராம்சே நடித்த அந்த விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த மாநாட்டு மேடையிலும் ஃபெடரிகி, தரம் எட்ட இன்னும் நேரம் வேண்டும் என்ற அளவில் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்தார். அரைகுறையாக வெளியிடாமல் நிறுத்தியது சரியான முடிவு. இல்லாத ஒன்றைக் காட்டிப் போன் விற்றது சரியான செயல் கிடையாது. இரண்டையும் நான் சேர்த்தேதான் சொல்வேன். கஸ்டமருக்கு ஒரு டிசைன் காட்டி அட்வான்ஸ் வாங்கிவிட்டு, முகூர்த்தம் முடிந்த பிறகு தைத்துத் தருகிறேன் என்று என்னால் சொல்ல முடியாது.

வந்த வசதிகளை அக்கா மகளின் ஐபோன் 16-இல் பார்த்தேன். இந்திய ஆங்கிலத்துக்கு 2025 மார்ச் 31 அன்று வந்த 18.4 அப்டேட்டில்தான் ஆதரவு கிடைத்தது. எழுதியதைத் திருத்தித் தரும் கருவி ஆங்கிலத்துக்கு உதவும்; நான் கஸ்டமருக்குத் தமிழில் எழுதுகிறேன், அதனால் எனக்கு வேலை இல்லை. நோட்டிஃபிகேஷன்களைச் சுருக்கித் தரும் வசதி செய்தித் தலைப்புகளைப் பொய்யாக்கியது உலகத்துக்கே தெரியும். பிபிசி சொல்லாத ஒன்றை பிபிசி பெயரில் காட்டி, அவர்கள் புகார் செய்து, 18.3-இல் செய்தி ஆப்களுக்கு அதை நிறுத்தினார்கள். ஆர்டர் மெசேஜை ஒரு மென்பொருள் சுருக்கி நான் அதை நம்பி வெட்டுவது என்பது நினைக்கவே முடியாத காரியம். வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் ஒரு சொல்லில் மாறும் தொழில் இது.

ஒன்றே ஒன்று பிடித்தது, படத்தில் தேவையில்லாததை அழிக்கும் கிளீன் அப். பிளவுஸ் படத்தில் பின்னால் தெரியும் ஹேங்கர் கம்பி, மேசை மேல் கிடந்த நூல் துண்டு போன்றவற்றை விரலால் சுற்றிக் காட்டினால் எடுத்துவிடுகிறது. கூகுள் தன் பிக்சல் போன்களில் 2021-லேயே இதைக் கொடுத்தது. கடைப் பக்கத்தில் படம் போடுகிறவர்களுக்கு உதவும். ஆனால் தையலின் மேல் அதைக் கை வைக்க விடக் கூடாது. சுருக்கத்தை அழித்து, கோணலான பார்டரை நேராக்கிப் போட்டால் அது ஏமாற்று.

தமிழ் எழுதுவது பற்றி. ஐபோனில் தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்தவை. அஞ்சலை உருவாக்கியவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். ஐஓஎஸ் 18-இல் ஆங்கிலத்தோடு இரண்டு இந்திய மொழிகளை ஒரே விசைப்பலகையில் வைத்து, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டும் வழி வந்திருக்கிறது. என் மெசேஜ்கள் எப்போதும் கலப்புதான். பிளவுஸ் சைஸும் டெலிவரி டேட்டும் ஒரு வரியில் ஆங்கிலமாக இருக்கும், அடுத்த வரியே தமிழாக ஓடும். ஒவ்வொரு சொல்லுக்கும் உலக உருண்டை பட்டனைத் தொட்டு மொழி மாற்றும் வேலை குறைந்தது. சிரியும் இந்திய ஆங்கிலத்தோடு தமிழ் உட்பட ஒன்பது மொழிகளைக் கலந்து கேட்கும் என்று அறிவித்தார்கள். டைமர் வைக்கவும் அழைக்கவும் அதைப் பயன்படுத்துகிறேன், அதற்கு மேல் கேட்பதில்லை.

மாநாட்டுக்குச் சில வாரம் முன்னால், அணுகல் வசதிகள் என்று மே மாதத்தில் அறிவித்த இரண்டையும் சொல்ல வேண்டும். வாகனத்தில் போகும்போது திரையின் ஓரங்களில் சின்னப் புள்ளிகள் வண்டியின் அசைவுக்கு ஏற்ப நகரும். கண் பார்ப்பதும் உடல் உணர்வதும் ஒத்துப்போனால் குமட்டல் குறையும் என்பது இதன் அடிப்படை. ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் பஸ்ஸில் போகும்போது மெசேஜ் படித்தால் எனக்குத் தலை சுற்றும். இப்போது படிக்க முடிகிறது. இன்னொன்று மியூசிக் ஹாப்டிக்ஸ்: பாட்டின் தாளத்தைப் போன் அதிர்வாகக் கையில் தருகிறது. ஆப்பிள் மியூசிக்கிலும் அதை ஆதரிக்கும் ஆப்களிலும் ஓடும். ஐபோன் 12-இலிருந்து கிடைக்கும். எங்கள் யூனிட்டில் ஆரி வேலை செய்யும் பெண்ணுக்குக் காது கேட்காது. போனை அவள் உள்ளங்கையில் வைத்தோம். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுக்கு அவளும் விரலால் தாளம் போட்டாள். இந்த ஒன்றுக்காக மட்டுமே இந்த அப்டேட்டைச் செய்தவர்களுக்கு நான் நன்றி சொல்வேன். இதை நூறு நிமிட மேடையில் முதலில் வைத்திருக்கலாம்.

ஐஓஎஸ் 26 என் போனுக்கும் உண்டு. ஐபோன் 11-இலிருந்து ஓடும், எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் வைத்திருப்பவர்களுக்கு இல்லை. தீபாவளி ஆர்டர் முடியும்வரை நான் 18-இலேயே இருப்பேன். அதற்கு அப்புறம் முதலில் பார்க்கப்போவது கால் ஸ்கிரீனிங். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், மணி அடிப்பதற்கு முன் போனே பெயரும் காரணமும் கேட்கும் வசதி அது. லோன் விற்கும் அழைப்பால் அலுத்துப்போனவர்களுக்கு நல்லதுதான். எனக்குத் தெரியாத எண் என்றால் புதுக் கஸ்டமர் என்று அர்த்தம், பெரும்பாலும் தமிழ் மட்டும் பேசுபவர். அவரிடம் ஓர் இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் காரணம் கேட்டால் வைத்துவிடுவார். தமிழில் கேட்கும் நாள்வரை அதை அணைத்தே வைப்பேன்.